பிள்ளையின் விளையாட்டுச் செலவு: எங்கே கையை இறுக்கலாம், எங்கே கூடாது

பிள்ளையைக் கிரவுண்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி "மாசம் எவ்ளோ ஃபீஸ்?" என்பதுதான். வடசென்னையில் அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் சின்னத் தொகைதான். வியாசர்பாடியில் கால்பந்தும், புளியந்தோப்பு, ராயபுரம் பக்கம் பாக்ஸிங்கும் சொல்லித் தரும் மாஸ்டர்கள் பலர் காசே வாங்காமலோ, பேருக்கு வாங்கியோதான் நடத்துகிறார்கள். மாநகராட்சி மைதானத்தில் விளையாடக் கட்டணம் இல்லை. 2024-ல் சில கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் கொடுத்துக் கட்டணம் வாங்கத் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் மாநகராட்சி அதைக் கைவிட்டது.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? சைஸ் தப்பாக வாங்கிய ஷூவில், தினம் வாங்கும் பாட்டில் ஜூஸில், அவசரத்துக்குப் பிடிக்கும் ஆட்டோவில், "நேஷனல்" என்று பேனர் கட்டிய ஏதோ ஒரு டோர்னமென்ட்டில். இதையெல்லாம் குறைக்கலாம். குறைக்கக் கூடாதவை நான்கு: காலில் சரியாகப் பொருந்தும் ஷூ, பல்லையும் எலும்பையும் காக்கும் சாமான், புரதம் உள்ள சாப்பாடு, அடிபட்டால் டாக்டர். கீழே எழுதியிருக்கும் எல்லாமே இந்த நான்குக்கும் காசு ஒதுக்குவதற்காக மற்றதை எப்படிச் சுருக்குவது என்பதுதான்.

ஷூ

"வளர்ற புள்ள, ரெண்டு சைஸ் பெருசா எடு" என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பேச்சு. பள்ளிச் சீருடைக்கு அது சரி. விளையாட்டு ஷூவுக்குச் சரிப்படாது. பெரிய ஷூவுக்குள் கால் முன்னும் பின்னும் வழுக்கும். குதிகால் கொப்பளிக்கும், கட்டைவிரல் முன்னே மோதி நகம் கறுக்கும், சட்டென்று திரும்பும்போது கணுக்கால் பிசகும். மிச்சம் பிடித்த காசு எக்ஸ்ரேவுக்குப் போய்விடும்.

அளவு எடுக்கும் முறை இது. சாயங்காலம் எடுக்க வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க நடந்தபின் கால் கொஞ்சம் விரிந்திருக்கும். விளையாடும்போது போடும் அதே சாக்ஸைப் போட்டு, சுவரில் குதிகால் ஒட்ட, ஒரு தாளின்மேல் முழு எடையையும் போட்டு நிற்கச் சொல்லுங்கள். மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும். இரண்டு காலையும் அளந்து, பெரியதைக் கணக்கில் எடுங்கள். கடைக்குப் போனதும் ஷூவுக்குள் இருக்கும் மெத்தை அட்டையை உருவி, அதன்மேல் பிள்ளையை நிற்க வையுங்கள். விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் இருந்தால் போதும். அரை சைஸ் மட்டும் பெரிதாகக் கிடைத்தால் வாங்கி, அடியில் இன்னொரு மெல்லிய அட்டை போட்டுக் கொள்ளலாம். கால் வளர்ந்ததும் அந்த அட்டையை எடுத்துவிடலாம். வளர்ச்சிக்கு விட வேண்டிய இடம் அவ்வளவுதான்.

அடுத்தது ஸ்டட், அதாவது ஷூவின் அடியில் இருக்கும் முள். நம் பக்கத்து மைதானங்கள் பாதிக்கு மேல் கெட்டி மண், இடையிடையே சரளை. புல்தரைக்கு என்று செய்த நீள ஸ்டட் பூட்ஸ் அங்கே மண்ணுக்குள் இறங்காது. உடம்பு எடை முழுவதும் ஏழெட்டுப் புள்ளிகளில் நிற்கும். 8 முதல் 14 வயது வரை குதிகால் எலும்பின் வளரும் பகுதி இன்னும் கெட்டிப்படாமல் இருக்கும். ஓடி முடித்ததும் குதிகால் வலிக்குது என்று பிள்ளை நொண்டினால், பெரும்பாலும் அந்த இடம் அழுத்தம் தாங்காமல் வீங்கியிருக்கிறது என்று பொருள். அடியில் நிறையச் சின்ன ரப்பர் முள் இருக்கும் டர்ஃப் ஷூதான் நம் தரைக்கு ஏற்றது. செயற்கைப் புல்லிலும் அதையே போடலாம். ஒரு ஜோடி இரண்டு இடத்துக்கும் உதவும்.

பழைய பூட்ஸ் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. பிள்ளைகளின் ஷூ கிழிவதற்கு முன் சின்னதாகிவிடும். டீமில் பெரிய பையன்களின் ஷூவைச் சின்னவர்களுக்குக் கைமாற்றிவிட ஒரு பெட்டி வைத்தாலே பல குடும்பங்களுக்கு அந்த வருடம் ஷூ செலவு இருக்காது. எடுக்கும்போது ஷூவை இரு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுப்பாதத்தில் வளைந்தால் அடிப்பாகம் தளர்ந்துவிட்டது, வேண்டாம். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் குதிகால் ஒருபக்கம் சாய்ந்திருக்கக் கூடாது. உள் அட்டையை மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

புது ஷூ வாங்கினால் முதல் நாளே தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, அடிப்பாகத்தைச் சுற்றி நைலான் நூலில் ஒரு தையல் போட்டுவிடுங்கள். வாய் பிளந்தபின் தைப்பதைவிட இது நீண்ட நாள் நிற்கும். ஏற்கெனவே பிளந்துவிட்டால் ஃபெவிக்விக் ஊற்றாதீர்கள். அது கண்ணாடி மாதிரி இறுகி, ஷூ வளைந்ததும் உடைந்து போகும். ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் வகைப் பசைதான் வேண்டும். மண்ணைக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காய வைத்து, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்தி ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி மறுநாள் வரை வையுங்கள். பூசியவுடன் ஈரமாக ஒட்டுவதால்தான் பலருக்கு இது பிடிப்பதில்லை.

நனைந்த ஷூவை உச்சி வெயிலில் வைத்தால் பசை இளகிவிடும். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோர வீடுகளில் காற்றே ஈரமாக இருப்பதால் நிழலில் வைத்தாலும் லேசில் காயாது. உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை தாளை மாற்றி, இரவு ஃபேனுக்கு அடியில் விடுங்கள்.

பந்து, கிளவுஸ், கேரம்

கால்பந்தில் 7 வயது வரை 3-ம் நம்பர், 8 முதல் 12 வரை 4-ம் நம்பர், 13-க்கு மேல் 5-ம் நம்பர். சின்னப் பிள்ளைக்கு 5-ம் நம்பரை வாங்கிக் கொடுத்தால் பந்தைத் தூக்கி அடிக்க முடியாமல் கால்நுனியால் குத்தும் பழக்கம் வந்துவிடும். கெட்டித் தரைக்குத் தைத்த பளபளப் பந்து வேண்டாம். மேல்தோல் சில வாரத்தில் உரிந்து நூல் அறுந்துவிடும். ரப்பரில் அச்சாக வார்த்த பந்து பயிற்சிக்குப் போதும். மேட்சுக்கு நல்ல பந்து ஒன்றை டீமே சேர்ந்து வாங்கலாம். காற்றடிக்கும் ஊசியைக் காய்ந்தபடியே சொருகுவதுதான் வால்வு கெடுவதற்கு முதல் காரணம். ஒரு சொட்டு கிளிசரின் தொட்டு, நேராக உள்ளே விடுங்கள். 5-ம் நம்பர் பந்துக்கு விதிப்படியான காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 பார். பயிற்சிக்குக் கீழ் அளவே போதும், தையலும் தாங்கும்.

பாக்ஸிங்குக்கு வரும் பிள்ளைக்கு முதல் மாதமே கிளவுஸ் வேண்டியதில்லை. நிற்கும் முறையும் கால் நகர்த்தலும் பழகவே வாரக்கணக்கில் ஆகும். கைக்கட்டு மட்டும் முதல் நாளிலிருந்து வேண்டும். கடையில் விற்பது 4.5 மீட்டர், சின்னக் கைக்கு அது அதிகம். வீட்டில் பழைய 8 முழ காட்டன் வேட்டி இருந்தால் அதன் நீளம் சுமார் 3.6 மீட்டர். நீளவாக்கில் 5 செ.மீ. அகலத்துக்குக் கிழித்து, ஒரு முனையில் கட்டைவிரல் நுழையும் வளையம் தைத்தால் பிள்ளைக்கான கைக்கட்டு தயார். பாலியெஸ்டர் கலந்த வேட்டி வேண்டாம், வியர்வையில் வழுக்கும்.

பல்லைக் காக்க வாயில் போடும் மவுத் கார்டை மட்டும் யாரிடமும் இரவல் வாங்காதீர்கள். சுடுநீரில் போட்டு வாய்க்கு அச்சு எடுக்கும் வகை விலை அதிகமில்லை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் விநாடி மட்டும் முக்கி, ஒரு நொடி குளிர்ந்த நீரில் காட்டி, வாயில் வைத்துக் கடித்து, வெளியே கன்னத்தில் விரலால் அழுத்த வேண்டும். கொதிக்கும் நீரிலேயே விட்டுவிட்டால் உருக்குலைந்துவிடும். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் வயதில் அச்சு மாறிக்கொண்டே இருக்கும். வாய் திறந்ததும் கீழே விழுந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. உடைந்த முன்பல்லுக்கு ஆகும் செலவில் இது ஒரு துளி.

செலவு மிகக் குறைந்த விளையாட்டு கேரம். நம் பகுதிக்குச் சொந்தமானதும்கூட. புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றதை இந்தப் பக்கம் அறியாதவர் இல்லை. போர்டு வாங்கும்போது ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். சின்னப் போர்டில் பழகிய கணக்கு போட்டியில் உதவாது. பலகையின் தடிமன் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கடல்காற்றில் பலகை வளையும், அதனால் சுவரில் சாய்த்து நிறுத்தாமல் கட்டிலுக்கு அடியில் தட்டையாகப் படுக்க வையுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம்தான், வாய்க்குள் போகக் கூடாத பொருள். விளையாடிவிட்டுக் கைகழுவாமல் சாப்பிட உட்கார விடாதீர்கள்.

சாப்பாடு

மாதக் கடைசியில் துண்டு விழும்போது முதலில் குறைவது முட்டையும் மீனும். ஓடியாடும் பிள்ளை உள்ள வீட்டில் அவை கடைசியாகக் குறைய வேண்டும். 30 கிலோ எடையுள்ள, தினமும் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு நாளைக்குச் சுமார் 35 முதல் 40 கிராம் புரதம் தேவை. அதற்கு டப்பாவில் அடைத்த சத்துமாவு எதுவும் வேண்டாம். அந்த டப்பாவின் பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள். பள்ளிச் சத்துணவில் ஒரு முட்டை 6 கிராம், வீட்டில் இன்னொரு முட்டை 6, காய்ந்த அளவில் 30 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல் 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, சாம்பாரில் 30 கிராம் துவரம்பருப்பு 6, ஒரு டம்ளர் பால் 6. அரிசியிலும் கொஞ்சம் இருக்கிறது. கணக்கு முடிந்துவிட்டது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும் மாதம் எதையும் விட்டுவிடாதீர்கள்.

காசிமேட்டில் வஞ்சிரத்தைப் பார்த்துவிட்டு மீன் விலை ஏறிப்போச்சு என்று திரும்ப வேண்டாம். மத்தியிலும் நெத்திலியிலும் கானாங்கத்தையிலும் புரதம் அதற்குக் குறைவில்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சரியாகக் கோடைப் பயிற்சி முகாம் நடக்கும் மாதங்கள். அப்போது மீனுக்காக ஒதுக்கும் காசை முட்டைக்கும் கடலைக்கும் மாற்றிவிடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், வாரம் ஒரு நாளோடு நிறுத்துங்கள்.

நேரமும் முக்கியம். விளையாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இட்லி அல்லது கேழ்வரகுக் கூழ், அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம். வயிறு நிறைய பிரியாணி தின்றுவிட்டு மேட்சுக்குப் போகும் பிள்ளை இரண்டாம் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் சுண்டலோ முட்டையோ கையில் இருக்க வேண்டும். வீட்டிலிருந்தே டப்பாவில் கொடுத்து அனுப்பினால் கிரவுண்டு வாசலில் பஜ்ஜிக்கும் கலர் ஜூஸுக்கும் பிள்ளை கை நீட்டாது.

தண்ணீர் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 9 முதல் 12 வயதுக்கு 100 முதல் 250 மி.லி. தாகம் எடுத்தபின் குடிப்பது தாமதம். நீர்மோரில் உப்பு போட்டுக் கொடுத்தால் சாதாரண நாளுக்குப் போதும். வெயிலில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வந்தால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போட வேண்டும். கண் அளவில் உப்பு போடுவது ஆபத்து. காஃபின் கலந்த எனர்ஜி பானம் பிள்ளைகளுக்கு எந்த நாளும் வேண்டாம்.

வீட்டிலிருந்து எடுக்கும் காசு

மேலே சொன்னதற்கெல்லாம் காசு எங்கிருந்து வரும்? கரண்ட் பில்லிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 முதல் 35 வாட். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் 0.6 யூனிட் மிச்சம், இரண்டு மாத பில்லில் 36 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் பில் சட்டென்று குதிக்கும். அந்த எல்லையில் தத்தளிக்கும் வீட்டுக்கு 36 யூனிட் சின்ன விஷயமில்லை. ஜெர்சிக்கு அயர்ன் வேண்டாம், துணியும் பாழாகும். வந்தவுடன் உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசிப் போட்டால் வியர்வை நாற்றம் ஏறாது. ஏறிவிட்டால் ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு கரண்டி ஆப்பசோடா கலந்து அரை மணி ஊற வையுங்கள்.

போக்குவரத்தில் ஆட்டோவை நிறுத்தினாலே மாதம் ஒரு ஷூ காசு தேறும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மகளைக் கூட்டிப்போகும் அம்மாவுக்கு இருவருக்குமே செலவில்லை. எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியம் போக சென்ட்ரல் வரை லோக்கல் ரயில், பிறகு நடை. வாரம் நாலு நாள் போவதென்றால் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

அகாடமி ஃபீஸை வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் கிரவுண்டு குளமாகும், அதற்குள் அரையாண்டுத் தேர்வு, பிறகு முழுஆண்டுத் தேர்வு. மாதமாதம் கட்டுவதே லாபம். மழை நாளுக்கு ஈடு வகுப்பு உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். பூட்ஸ், பயணம் போன்ற பெருஞ்செலவுக்கு தபால் நிலைய ஆர்.டி. என்ற மாதச் சேமிப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். பதிவில்லாத தீபாவளிச் சீட்டில் பிள்ளையின் பணத்தைப் போடாதீர்கள்.

டோர்னமென்ட்டும் சான்றிதழும்

குடும்பங்கள் கடன் வாங்கும் இடம் இதுதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள். "உங்க புள்ள நேஷனலுக்கு செலக்ட் ஆயிட்டான், கோவா போகணும்", "நேபாளத்துல இன்டர்நேஷனல்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதை நடத்தும் சம்மேளனம் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்றதா? தமிழ்நாட்டில் அதன் மாநிலச் சங்கம் எது? மாவட்ட அளவில் தேர்வு எந்தத் தேதியில், எங்கே நடந்தது? தேர்வே இல்லாமல் காசு கட்டியவர் எல்லோரும் போகிற போட்டி என்றால் அது சுற்றுலா. அந்தக் கோப்பையும் சான்றிதழும் கல்லூரி ஒதுக்கீட்டுக்கோ, தமிழக அரசு வேலையின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கோ உதவாது. பிள்ளையின் முகம் வாடுமே என்று சரி சொல்லாதீர்கள். காசு இல்லாத வழியே மேலான வழியாக இருக்கிறது: பள்ளி மூலம் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வு. விடுதியில் தங்கலும் சாப்பாடும் பயிற்சியும் அரசுடையது. திறமை தெரிந்த பிள்ளைக்குப் பயணத்துக்கும் சாமானுக்கும் உதவி வேண்டுமென்றால் 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். உண்மையான வெளியூர்ப் போட்டி என்றால் ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும், தேதி தெரிந்த அன்றே டீமாகப் போடுங்கள்.

வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். பிடிபட்டால் பிள்ளைக்குத் தடை.

அடிபட்டால் ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம், காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, துணிக்கட்டு. வீங்கிய கணுக்காலில் எண்ணெய் போட்டு உருவுவதும், எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போடுவதும் வேண்டாம். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின்மேல் தொட்டாலே துடித்தாலோ, அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ குழப்பமோ இருந்தால் மேட்ச் முடியும்வரை காத்திருக்கக் கூடாது.

சான்றிதழ்களுக்கு ஒரு ஃபைல் போடுங்கள்: பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பள்ளியில் படிப்பதற்கான போனஃபைடு சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பத்து, வாங்கிய சான்றிதழ்கள் தேதிவாரியாக. ஒவ்வொன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கிய இடத்திலேயே பாருங்கள். பிறகு திருத்துவது பெரும்பாடு. லேமினேட் செய்யாதீர்கள், முத்திரையும் கையெழுத்தும் சரிபார்க்கத் தோதுப்படாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. ஃபைலை ஜிப் கவரில் போட்டுப் பரண்மேல் வைத்து, எல்லாவற்றையும் போனில் படமெடுத்து உங்கள் இமெயிலுக்கே ஒரு தடவை அனுப்பிவிடுங்கள்.